நண்பர் தன் வீட்டு மாதிரி ரயிலை ஓட்ட ‘ஆபரேட்டிங் செஷன்’ என்று கூப்பிடுகிறார். அங்கே என்ன நடக்கும்? புதிதாகப் போகிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

நிஜ ரயில்வேயைப் போலப் பலர் சேர்ந்து மாதிரி வண்டிகளை ஓட்டிச் சரக்கு கொண்டுபோகும் கூட்டம்தான் ஆபரேட்டிங் செஷன். அமெரிக்காவில் இப்படி ஒருவர் கூப்பிட்டால், வேலைக்கு ஆள் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்மென்ட் முழுக்கத் தண்டவாளம் போட்ட லேஅவுட்டை ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து தனியாகவே கட்டிவிடலாம். தனியாக ஓட்ட முடியாது. யார்டில் (வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் இடத்தில்) வண்டி கோர்க்க ஒருவர், பாதையை ஒதுக்கிக் கொடுக்கும் டிஸ்பாச்சர் ஒருவர், ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் ஒருவரோ இருவரோ என்று நடுத்தர அளவு லேஅவுட்டுக்கே ஆறேழு பேர் வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் நட்பு வளர்வது பெரும்பாலும் இந்தத் தேவையிலிருந்துதான்.

அதனால் முதல் மரியாதை, வருவேனா மாட்டேனா என்று சீக்கிரம் சொல்லிவிடுவது. கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனால் ஒரு வண்டி ஓடாது, அதை நம்பியிருக்கும் யார்டும் தேங்கிவிடும். கையில் சின்ன டார்ச், பென்சில், படிக்கும் கண்ணாடி எடுத்துப் போங்கள். எச்.ஓ. என்னும் மாதிரி அளவு நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 40 அடி மூடிய வேகன் 14 சென்டிமீட்டர்தான் இருக்கும், அதன் பக்கவாட்டில் எழுதிய எண் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். அந்த எண்ணைப் படித்துத்தான் வேலை முழுக்க நடக்கும். தொளதொளவென்ற முழுக்கைச் சட்டை வேண்டாம், மரங்களையும் தந்திக் கம்பங்களையும் வாரிக்கொண்டு வரும். காபிக் கோப்பையை லேஅவுட் மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். எண்ணெய் பட்ட விரலோடு வேகனைத் தொடாதீர்கள்.

எந்த வேகன் எங்கே போக வேண்டும் என்பதைப் பெரும்பாலான வீடுகளில் அட்டைகள்தான் சொல்லும். 1961-ல் டக் ஸ்மித் என்பவர் எழுதி விளக்கிய முறை இன்னும் வலுவாக இருக்கிறது. ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் அட்டை. அதன் கீழ்ப்பகுதி சின்னப் பை போல மடிந்திருக்கும், அதற்குள் ஒரு சீட்டு செருகியிருக்கும். ‘இந்த ஊர், இந்த ஆலை, இந்தச் சரக்கு’ என்று சீட்டில் இருக்கும். இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக ஒரு சீட்டில் நான்கு பயணங்கள் எழுதலாம். செஷன் முடிந்த பிறகு வீட்டுக்காரர் சீட்டுகளைத் திருப்பி வைத்தால் அடுத்த முறை அதே வேகன் வேறு ஊருக்குப் போகும். வேகனை விட்டுவிட்டு வரும்போது அட்டையையும் அந்த ஊரின் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அட்டை உங்கள் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டால் அந்த வேகன் எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நிற்கும். செஷன் முடிந்ததும் பையைத் தடவிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

புதியவரைப் பழைய ஆளோடு ஜோடி சேர்ப்பது வழக்கம். நீங்கள் டிரைவர், த்ராட்டில் (எஞ்சினை ஓட்டும் கைக்கருவி) உங்கள் கையில். அவர் கண்டக்டர், அட்டையும் பாயிண்டும் (வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பிரிவு) அவர் பொறுப்பு. மூன்று மணி நேரம் தோளோடு தோள் உரச நடந்துகொண்டே இருப்பீர்கள். முன்பின் தெரியாத இருவர் பழகுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை, அடுத்த வேகனைப் பற்றிப் பேசினால் போதும்.

வேகத்தில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மணிக்கு 30 மைல் என்பது எச்.ஓ.வில் நொடிக்கு 15 சென்டிமீட்டர்தான். ஷண்டிங்கின்போது (வேகன்களைக் கோர்க்கவும் கழற்றவும் நகர்த்தும்போது) நடை வேகம், அதாவது நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர். சுவர்க் கடிகாரம் நான்கு மடங்கு வேகமாக ஓடும்படி வைத்திருந்தாலும் (மூன்று மணி நேர செஷனில் பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடும்) வண்டியை விரட்டாதீர்கள்.

ஒரு வேகனை எடுத்து, அதே இடத்தில் இன்னொன்றை விடுவது எப்படி என்று பார்ப்போம். சைடிங்கின் (ஆலைக்குப் பிரியும் கிளைத் தடத்தின்) வாயைத் தாண்டிப் போய்ப் பின்னோக்கித் தள்ளும் அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். விட வேண்டியது எஞ்சினுக்குப் பின்னால் மூன்றாவது வேகன். பாயிண்டுக்கு முன்பே நிறுத்தி, மூன்றாவதுக்குப் பின்னால் கழற்றுங்கள். எஞ்சினும் மூன்று வேகன்களும் பாயிண்டைத் தாண்டி முன்னே போகட்டும். பாயிண்டைத் திருப்பி மெதுவாக உள்ளே தள்ளி, அங்கே நிற்கும் பழைய வேகனோடு கோர்த்து வெளியே இழுங்கள். பாயிண்டை மெயின் லைனுக்கு மாற்றிப் பின்னே தள்ளினால் பழைய வேகன் வண்டியின் மிச்சத்தோடு கோர்த்துக்கொள்ளும். அதைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு மறுபடி முன்னே வந்து, மூன்றாவது வேகனை சைடிங்கில் சரியான கதவுக்கு நேராக நிறுத்திக் கழற்றுங்கள். வெளியே வந்து, பாயிண்டை மெயின் லைனுக்கே திருப்பி, வண்டியோடு சேர வேண்டும். அந்தக் கடைசித் திருப்பலை மறப்பவர்கள் அதிகம்; விளைவை அடுத்து வரும் வண்டிக்காரர் அனுபவிப்பார். சைடிங் எதிர்ப்பக்கமாகத் திறந்திருந்தால் எஞ்சின் வேகனுக்கு மறுபுறம் சுற்றிப் போக வேண்டும், அதற்கு இரு முனையிலும் மெயின் லைனோடு சேரும் இணைத்தடம் உள்ள ஊர் தேவை. கண்டக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கழற்றுவதற்கு கபாப் செருகும் மூங்கில் குச்சி போதும். கேடீ வகை கப்ளர்கள் (வேகன்களை இணைக்கும் கொக்கிகள்) இழுவையில் இருக்கும்போது விடாது. எஞ்சினைக் கொஞ்சம் பின்னே நகர்த்தித் தளர்வு கொடுத்து, குச்சியின் முனையை இரு கொக்கிகளுக்கும் நடுவே மேலிருந்து இறக்கி, கால் சுற்றுத் திருப்பினால் பிரிந்துவிடும். வேகனைத் தூக்கிப் பிரிக்காதீர்கள். படிக்கட்டும் கைப்பிடியும் கம்பி நூல் கனத்தில் இருக்கும், ஒடிந்தால் ஒட்டுவது பெரும்பாடு.

கோளாறுகள் வரத்தான் செய்யும். பாயிண்ட் தவறான பக்கம் இருக்கும்போது பின்பக்கமிருந்து எஞ்சின் ஏறினால் ஷார்ட் ஆகி, அந்தப் பகுதியில் ஓடும் எல்லா வண்டியும் ஒரேயடியாக நிற்கும். உடனே “என்னால்தான்” என்று குரல் கொடுத்துவிட்டு எஞ்சினைப் பின்னே தள்ளுங்கள். மௌனமாக இருந்தால் பத்துப் பேர் பத்து இடத்தில் காரணம் தேடுவார்கள். த்ராட்டிலில் எஞ்சினை அதன் எண்ணைக் கொடுத்துத்தான் எடுப்பீர்கள்; வேலை முடிந்ததும் அந்த எண்ணை விடுவியுங்கள். விடுவிக்காவிட்டால் பல சிஸ்டங்களில் அடுத்தவரால் அந்த எஞ்சினை எடுக்க முடியாது.

ஒரே வேகன் திரும்பத் திரும்பத் தடம் புரண்டால் கையால் ஏற்றி ஏற்றி ஓட்டி ஒப்பேற்றாதீர்கள். ‘பழுது’ என்று ஒரு சீட்டில் வேகன் எண், எந்த இடம், முன்னே போகும்போதா தள்ளும்போதா என்று எழுதி அட்டையோடு வைத்துவிடுங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. எடை குறைவு: அடிப்படை ஒரு அவுன்ஸ், நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் என்பது விதி, ஐந்தரை அங்குல வேகனுக்கு ஏறக்குறைய 106 கிராம். இரண்டாவது, சக்கரங்களுக்கு இடையிலான தூரம் மாறியிருப்பது. மூன்றாவது, கப்ளருக்குக் கீழே தொங்கும் வளைந்த கம்பி தாழ்ந்துபோய்ப் பாயிண்டில் இடறுவது. ‘சரியாக ஓடவில்லை’ என்று மட்டும் எழுதிய சீட்டால் பயனில்லை. நன்றாக எழுதிய பழுதுச் சீட்டு வீட்டுக்காரருக்கு நீங்கள் கொண்டுபோகும் இனிப்பைவிடப் பெரிய பரிசு. யாரை மறுபடி கூப்பிடுகிறார்கள் என்று கவனித்தால், ஓட்டத் தெரிந்தவரைவிட ஒளிக்காமல் எழுதுகிறவரைத்தான்.

அந்தச் சீட்டுகளைத் தீர்க்கத்தான் வார நாள் மாலையில் கூடுவார்கள். இருவராகச் செய்தால்தான் ஒழுங்காக வரும் வேலைகள் இவை. தண்டவாள இணைப்புத் தகடுகள் நாளடைவில் கறுத்து மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் ஒவ்வொரு மூன்றடித் துண்டுக்கும் தனியாக ஒரு ஜோடி ஒயர் இறக்க வேண்டும். கீழே ஓடும் பிரதான ஒயர் 14-ஆம் எண் (விட்டம் 1.6 மில்லிமீட்டர்), இறங்குவது 22-ஆம் எண், நீளம் ஓரடிக்குள். மேலே நிற்பவர் ஒயரைப் பிடித்து எந்தத் தண்டவாளம் என்று நிறத்தைச் சொல்ல, கீழே படுத்திருப்பவர் பற்றவைப்பார். கீழே இருப்பவர் கட்டாயம் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும், ஈயம் முகத்தில் சொட்டும். ரோசின் உள்ள ஈயம் மட்டுமே. அமில ஃப்ளக்ஸ் (பற்றவைக்க உதவும் பொருள்) ஒயரை அரித்துவிடும். முடிந்ததும் லேஅவுட்டின் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே நாணயம் வைத்துப் பாருங்கள். மின்சாரம் அந்த நொடியே துண்டிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் ஷார்ட்டின்போது 14 வோல்ட்டில் 5 ஆம்பியர், அதாவது 70 வாட், ஒரு வேகனின் சக்கரம் வழியே ஓடி பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

ஒருவர் வேகன் இன்னொருவர் வீட்டில் ஓடுவதும் தற்செயல் இல்லை. 1935-ல் மில்வாக்கியில் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கம் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் அளவு வகுத்ததன் பலன் அது. வீட்டில் இடமில்லாதவர்கள் ‘ஃப்ரீமோ’ முறையில் தளத்திலிருந்து 50 அங்குல உயரத்தில் தண்டவாளம் வரும்படி ஒரு பகுதியை மட்டும் கட்டி, மண்டபத்தில் மற்றவர்களுடையதோடு சேர்த்து ஓட்டுவார்கள்.

கடைசியாக, இங்கே நண்பர்களில் பலர் வயதானவர்கள். குனிந்து லேஅவுட்டின் அடியில் புகும் வழியில் நாற்காலியோ மெத்தையோ போட்டுக் கொடுங்கள், முட்டிவலிக்காரருக்கு யார்டு வேலையை விடுங்கள். ஒருவர் காலமானால் சேகரிப்பைப் பிரித்து விலை போட்டுக் குடும்பத்துக்குப் பணமாக்கித் தருவது இந்த நண்பர்கள்தான். லேஅவுட் பெரும்பாலும் பெயராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். விலைபோவது எஞ்சினும் வேகனும் மட்டுமே, அதிலும் அசல் அட்டைப்பெட்டி இருந்தால் கூடுதல். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு படம், எண், தயாரித்த நிறுவனம், பெட்டி எந்த அலமாரியில் என்று ஒரு பட்டியல் இருந்தால் வேலை பாதியாகும். உங்கள் நண்பரிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லையென்றால், இரண்டு மூன்று செஷன் பழகிய பிறகு, சேர்ந்து எழுத உட்காரலாமா என்று கேளுங்கள்.