கணினி கேள்வி பதில்: வேகமான திரைக்கு எந்தப் பனல்?

கேள்வி: நான் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். பகலில் நிரல் எழுதுவதும் இரவில் கவுண்டர் ஸ்ட்ரைக், வலோரன்ட் விளையாடுவதும் ஒரே கணினியில்தான். 27 அங்குல மொனிட்டர் ஒன்றுக்காக யாழ்ப்பாண நகரில் விசாரித்தபோது, ஒரு கடையில் 180 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 180 முறை படத்தைப் புதுப்பிக்கும்) ஐ.பி.எஸ். திரையும், அதைவிடச் சற்று மலிவாக 165 ஹேர்ட்ஸ் வளைந்த வி.ஏ. திரையும் இருந்தன. இரண்டு பெட்டிகளிலும் 1 மில்லிசெக்கன் என்றே அச்சிட்டிருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வரும் மாமா 240 ஹேர்ட்ஸ் ஓ.எல்.இ.டி. திரை ஒன்றைக் கொண்டுவந்து தருவதாகவும் சொல்கிறார். எதைத் தெரிவுசெய்யலாம்? என் கதிரைக்குப் பின்னால் மேற்குப் பக்கமாக இரண்டு யன்னல்கள் உள்ளன.
வாசகர், கொக்குவில்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பனலை, அதாவது படத்தைக் காட்டும் திரைத் தகட்டின் வகையை, தீர்மானிப்பதில் பெட்டியில் உள்ள இலக்கங்களைவிட அந்த இரண்டு யன்னல்களுக்குப் பங்கு அதிகம்.

ஐ.பி.எஸ்., வி.ஏ. இரண்டும் பின்னாலுள்ள விளக்கொளியைப் படப்புள்ளிகளால் மறைத்தும் விட்டும் படம் காட்டும் எல்.சி.டி. வகைகள். ஐ.பி.எஸ். பனல்களின் ஒளி மாறுபாட்டு விகிதம் (வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு பிரகாசம் என்பது) பெரும்பாலும் 1000:1 அளவிலும், வி.ஏ. பனல்களுடையது 3000:1 அல்லது அதற்கு மேலும் இருக்கும். வெள்ளையை 250 நிட்ஸ் பிரகாசத்தில் வைத்தால், ஐ.பி.எஸ். திரையின் கறுப்பு 0.25 நிட்ஸ் அளவிலும், வி.ஏ. திரையின் கறுப்பு ஏறத்தாழ 0.08 நிட்ஸ் அளவிலும் ஒளிரும் என்பது இதன் பொருள். விளக்கை அணைத்துவிட்டு இருந்தால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், ஐ.பி.எஸ். திரையின் மூலைகளில் சாம்பல் பூத்ததுபோல ஒரு வெளிச்சம் கசிவதும் தெரியும். ஆனால் பின்னேர வெயில் உங்கள் தோளுக்கு மேலால் வந்து திரையில் விழும்போது, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியே இந்த இரண்டு அளவுகளையும் பன்மடங்கு விஞ்சிவிடுவதால், வி.ஏ. பனலுக்கு நீங்கள் கொடுக்கும் காசு மாலை ஆறரை மணிக்குப் பிறகுதான் வேலைசெய்யத் தொடங்கும்.

இனி, படப்புள்ளி ஒன்று நிறம் மாற எடுக்கும் நேரம் என்று பெட்டி சொல்லும் அந்த 1 மில்லிசெக்கனைப் பார்ப்போம். 165 ஹேர்ட்ஸ் திரை ஒவ்வொரு 6.06 மில்லிசெக்கனுக்கும், 180 ஹேர்ட்ஸ் திரை ஒவ்வொரு 5.56 மில்லிசெக்கனுக்கும் புதிய படமொன்றைக் காட்ட வேண்டும். அந்த இடைவெளிக்குள் படப்புள்ளிகள் பழைய நிறத்திலிருந்து புதிய நிறத்துக்கு மாறி முடிக்காவிட்டால், முந்தைய படத்தின் மிச்சம் அடுத்த படத்தில் நிழலாக இழுபடும். ஆகவே புதுப்பிப்பு வேகமும் படப்புள்ளி மாறும் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பதே முக்கியம். பெட்டியில் அச்சிடப்படுவதோ, ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாறுவதில் மிகச் சாதகமான சோடியைத் தெரிந்து, படப்புள்ளிகளை விரைவாக மாறத் தூண்டும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைத்து எடுத்த அளவு. சில நிறுவனங்கள் பின்னொளியை அணைத்து அணைத்து எரியச்செய்து பெறும் வேறொரு அளவையும் அதே 1 மில்லிசெக்கன் என்ற பெயரில் போடுகின்றன. அந்த உச்ச ஓவர்டிரைவை நீங்கள் வீட்டில் பாவித்தால், நகரும் உருவங்களைச் சுற்றி வெளிறிய ஓரமொன்று படரும். நடு அளவில் வைப்பதே பெரும்பாலான திரைகளுக்குச் சரியாக வரும்.

இந்த இடத்தில்தான் வி.ஏ. பனல் உங்களுக்குப் பொருந்தாமல் போகிறது. அதன் படப்புள்ளிகள் வெளிச்சமான நிறங்களுக்கிடையே போதிய வேகத்தில் மாறினாலும், கறுப்பிலிருந்து கரும் சாம்பலுக்கு மாறும்போது தயங்குகின்றன. மலிவான மாதிரிகளில் அந்த மாற்றத்துக்கு 20 மில்லிசெக்கனுக்கு மேல் எடுப்பதுண்டு. அதற்குள் 165 ஹேர்ட்ஸ் திரையில் மூன்று படங்கள் கடந்துவிடும். இருண்ட சுவரோரமாக எதிராளி ஓடும்போது, அவருடைய உருவத்துக்குப் பின்னால் மை இழுபட்ட மாதிரி ஒரு கறை தொடர்வதைக் காண்பீர்கள். கடையிலேயே இதைச் சோதிக்கலாம்: கறுப்புப் பின்னணியில் கரும் சாம்பல் எழுத்துகள் உள்ள பக்கம் ஒன்றைத் திறந்து, வேகமாக மேலும் கீழும் உருட்டச் சொல்லுங்கள், எழுத்துகள் கரைந்து ஊதா அல்லது கறுப்பு நிழலாக நீண்டால் அது வி.ஏ. பனலின் குணம். கடைகளில் ஓடவிடும் பளபளப்பான மீன் தொட்டிக் காட்சிகளில் இது ஒருபோதும் தெரியாது. அவற்றைத் தெரிவுசெய்து போடுவதும் சும்மா அல்ல. விலை கூடிய வி.ஏ. பனல்கள் சில இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்திருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும், ஆனால் நீங்கள் குறிப்பிடும் விலை மட்டத்தில் அவற்றை எதிர்பார்க்க முடியாது. இரவில் மட்டும், கதையோடு மெதுவாகப் போகும் விளையாட்டுகளை விளையாடுபவர் கேட்டிருந்தால் வி.ஏ. திரையையே சொல்லியிருப்பேன்.

மாமாவின் ஓ.எல்.இ.டி. திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது, ஏனெனில் விளையாட்டைப் பொறுத்தவரை அதற்கு இணையில்லை. அதில் பின்னொளி கிடையாது. ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும், நிற மாற்றமும் ஒரு மில்லிசெக்கனின் சிறு பங்குக்குள் முடிந்துவிடும். 240 ஹேர்ட்ஸ் திரைக்கு ஒரு படத்துக்கான நேரம் 4.17 மில்லிசெக்கன் என்றால், அந்த நேரத்தை உண்மையாகவே பயன்படுத்தக்கூடிய பனல் அதுதான்.

ஆயினும் நீங்கள் பகல் முழுவதும் நிரல் எழுதுகிறவர். கீழேயுள்ள டாஸ்க்பாரும், இடப்பக்கக் கோப்புப் பட்டியலும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக ஒளிரும்போது, அந்தப் படப்புள்ளிகள் மற்றவற்றைவிட விரைவாகத் தேய்ந்து, காலப்போக்கில் நிரந்தரத் தழும்பாகத் தெரியக்கூடும். இதைச் சமப்படுத்தவே, சில மணிநேரப் பாவனைக்குப் பிறகு திரையை நிறுத்தும்போது, காத்திருப்பு நிலையில் இருந்தபடியே அது சில நிமிடங்கள் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். எங்களுடைய வீடுகளிலோ படுக்கப்போகுமுன் சுவர் ஆளியை அணைப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல் காலத்தில் பிளக்கையே கழற்றிவிடுவோம். மின்னலுக்குக் கழற்றுவது தவறில்லை, ஆனால் மற்ற நாட்களில் மின்சாரம் நின்றால் அந்தச் சரிசெய்தல் நடைபெறாது என்பதை அம்மாவுக்கும் சொல்லிவைக்க வேண்டியிருக்கும்.

எழுத்துகளும் ஒரு பிரச்சினை. 2022 இல் மொனிட்டர்களில் அறிமுகமான குவாண்டம் டொட் ஓ.எல்.இ.டி. வகையில், ஒவ்வொரு படப்புள்ளியையும் ஆக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்புள்ளிகள் வழமைபோல வரிசையாக இல்லாமல் முக்கோணமாக அமைந்திருப்பதால், எழுத்தின் மேல் ஓரத்தில் பச்சைச் சாயலும் கீழ் ஓரத்தில் இளஞ்சிவப்புச் சாயலும் படியும். நிரலின் நுண்ணிய ஆங்கில எழுத்துகளிலும், தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியிலும் கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால் இது தெரியும். பின்னர் வந்த மாதிரிகளில் குறைந்திருக்கிறது. அதே வகைத் திரைகளில், வெளியிலிருந்து விழும் ஒளி தெறிப்பதைக் குறைக்கும் ஒளிமுனைவாக்கிப் படலம் இல்லாததால், அறை வெளிச்சம் பட்டவுடன் அந்த முழுக் கறுப்பு சாம்பல் ஊதாவாக மாறிவிடும். மேற்கு யன்னல்களுக்கு முன்னால் அதை வைப்பது காசை வெயிலில் காயப்போடுவதுதான். பழுதென்றால் உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டிலேயே நின்றுவிடும்.

ஆகவே 180 ஹேர்ட்ஸ் ஐ.பி.எஸ். திரையை வாங்குங்கள். 27 அங்குலத்துக்கு 2560 × 1440 படப்புள்ளிகள் உள்ளதா என்று பாருங்கள். 1920 × 1080 என்றால் எழுத்துகள் சொரசொரப்பாக இருக்கும். வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் என்று சொல்லும் எச்.டி.ஆர். 400 என்ற ஒட்டுச்சீட்டுக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டாம். மாமாவிடம் நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று கேட்கலாம். செக்கனுக்கு 180 படங்களை உருவாக்க முடியாத கணினிக்கு 180 ஹேர்ட்ஸ் திரையால் முழுப் பயன் இல்லை.

கேள்வி: 165 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கிப் பூட்டியிருக்கிறேன். பழைய 60 ஹேர்ட்ஸ் திரைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
வாசகர், சாவகச்சேரி

பதில்: கடைக்காரரை நோக முன்னர் விண்டோஸில் திரை அமைப்புகளுக்குள் சென்று, மேம்பட்ட பகுதியில் புதுப்பிப்பு வீதம் என்னவென்று பாருங்கள். புதுத் திரையைப் பூட்டினாலும் அது 60 இலேயே நிற்பது மிகச் சாதாரணம். அங்கே 165 என்ற தெரிவே இல்லையென்றால், பழைய எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றி, பெட்டியோடு வந்த டிஸ்பிளேபோர்ட் கேபிளை மாட்டுங்கள். கேபிளின் மறுமுனை மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் இருக்கவேண்டும்.

கேள்வி: வெளிநாடு போகும் நண்பர் 24 அங்குல 144 ஹேர்ட்ஸ் ரி.என். மொனிட்டரை மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: நீங்கள் ஒருவர் மட்டும், நேரே முன்னால் இருந்து, சுடும் விளையாட்டுகளுக்கே பாவிப்பதென்றால் வாங்கலாம், ரி.என். என்பது எல்.சி.டி. பனல்களில் பழைய வகை, ஆனாலும் வேகத்தில் அது இன்றும் குறைவில்லை. படம் திருத்துவதற்கு உதவாது. தம்பி, தங்கையோடு பாயில் இருந்து படம் பார்ப்பதற்கும் உதவாது, ஏனெனில் கீழிருந்து பார்த்தால் நிறங்கள் தலைகீழாகிவிடும். காசு கொடுக்குமுன் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சாம்பல் படங்களைத் திரை நிறையப் போட்டு, செத்த படப்புள்ளிகளும் மஞ்சள் படிந்த ஓரங்களும் உண்டா என்று பகலில் ஒருமுறையும் விளக்கை அணைத்து ஒருமுறையும் பாருங்கள்.