ஒத்திகை மணி அடித்தால் ஒளிந்துகொள்கிறார்களே?

கேள்வி: அமெரிக்காவில், வீடில்லாத முன்னாள் படைவீரர்கள் தற்காலிகமாகத் தங்கும் இல்லத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். புயல், தீ வந்தால் சமாளிக்க இவர்களை எப்படித் தயார்படுத்துவது? ஒத்திகை என்றாலே அறைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

பதில்: இப்படியோர் இல்லத்தில் ஆறு வருஷம் இரவு வேலை பார்த்தவன் நான். முதல் ஒத்திகைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் மணியை அடித்துவிட்டோம். ஒருவர் கட்டிலுக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார். வெளியே வர அரை மணி நேரம் ஆனது. போர் பார்த்த மனிதர். தப்பு எங்களுடையது. அப்புறம் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கதவில் ஒட்டினோம்.

அவசரத்துக்குச் சேமித்து வைக்கும் தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், சுமார் 3.8 லிட்டர், சரி, அது எல்லோரும் சொல்வது. எனக்குக் கவலை காகிதம்தான். படையிலிருந்து விலகியதற்கான டிடி-214 சான்றிதழ் நனைந்து போனால், மறுபிரதி வாங்க அலைச்சல். அதையும் மாத்திரைப் பட்டியலையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, கட்டில் தலைமாட்டுப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடம். அதனால் வருஷத்துக்கொரு கூட்டம் போதாது. வந்த அன்றே வெளியேறும் வழியில் கூடவே நடந்து காட்டுங்கள். வேலையையும் பிரித்துக் கொடுங்கள். எங்கள் இல்லத்தில் பழைய ராணுவ மருத்துவ உதவியாளர் ஒருவரிடம் முதலுதவிப் பெட்டியை ஒப்படைத்தோம். மறுநாளே காலாவதியான மருந்துகளை மேசையில் வரிசையாக அடுக்கி, எங்களைத்தான் கேள்வி கேட்டார்.