யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே ஒரு பாடசாலை மாணவி கோள் அறிவியலில் ஆய்வு செய்ய முடியுமா?

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சேரக் காத்திருக்கும் உங்கள் மகளுக்குக் கோள்களைப் பற்றி ஆராய விருப்பம் என்றும், வெளிநாட்டு முகாம்களின் கட்டணம் கைக்கெட்டாதது என்றும், இங்கிருந்தே ஏதும் செய்ய வழியுண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வடமராட்சியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வழியுண்டு. மருத்துவத்திலோ இரசாயனவியலிலோ ஆய்வுகூடம் இல்லாமல் அதிக தூரம் போக முடியாது. கோள் அறிவியலிலோ விண்கலங்கள் அனுப்பும் படங்களும் அளவீடுகளும் சில மாதங்களுக்குள் இணையத்திலுள்ள பொதுச் சேமிப்பகங்களுக்கு வந்துவிடுகின்றன. 2009 முதல் சந்திரனைச் சுற்றிவரும் நாசாவின் விண்கலம் எடுத்த படங்களை ஹியூஸ்ரனில் இருக்கும் ஆய்வாளர் எப்படிப் பார்க்கிறாரோ, அப்படியே பருத்தித்துறையில் இருக்கும் மாணவியும் பணம் கொடாமல் பார்க்கலாம்.

முதலில் நான் பரிந்துரைப்பது சிறுகோள் தேடல். ‘ஐசக்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு, ஹவாயின் ஹலேயகாலா மலையிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்களை உலகெங்கும் உள்ள மாணவர் குழுக்களுக்குக் கட்டணமின்றி வழங்குகிறது. வானத்தின் ஒரே பகுதியைச் சிறிது நேர இடைவெளிகளில் எடுத்த படங்களை அஸ்ரோமெற்றிக்கா என்ற மென்பொருளில் மாறிமாறி ஓடவிட்டால், விண்மீன்கள் அசையாமல் நிற்க, சிறுகோள் மட்டும் நேர்கோட்டில் சீரான வேகத்தில் நகரும் மங்கிய புள்ளியாகத் தெரியும். எல்லாப் புள்ளியும் சிறுகோள் அல்ல; கருவியின் குறைபாடுகளும், படத்தில் தற்செயலாக விழும் ஒளிப்புள்ளிகளான இரைச்சலும் அதுபோலவே தோற்றமளிக்கும் என்பதால், புள்ளியின் வடிவம், ஒளிர்வு, நேர்கோட்டில் நகர்கிறதா என்பது ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்த பின்னரே அறிக்கை எழுத வேண்டும். தான் காண ஆசைப்படும் ஒன்றைத் தானே சந்தேகிக்கும் இந்தப் பழக்கத்தை எங்கள் பரீட்சை முறை கற்பிப்பதில்லை. நான் இதை முதலிடத்தில் வைப்பதற்கு அதுவே காரணம். புதிய சிறுகோளாக இருந்தாலும், அதன் பாதை உறுதியாகி நிரந்தர இலக்கம் கிடைக்கப் பல ஆண்டுகள் செல்லும் என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரண்டாவது வழி எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. வல்லிபுரக் கோயிலுக்கு அப்பால், மணலில் புதையுண்ட பழைய தேவாலயம் நிற்கும் மணற்காட்டின் குன்றுகளில், காற்று வரைந்த மணல் வரிகளைப் பார்த்திருப்பீர்கள். பூமியில் அவ்வரிகளுக்கிடையிலான தூரம் பெரும்பாலும் பத்து சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். கியூரியோசிற்றி ஊர்தி 2015 இன் இறுதியில் செவ்வாயின் பாக்னோல்ட் மணற்குன்றுகளை அடைந்தபோது, அத்தகைய சிறு வரிகளோடு, மீற்றர் கணக்கில் இடைவெளி கொண்ட பெரிய வரிகளும் அங்கே இருந்தன. பூமியின் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத செவ்வாயின் மெல்லிய வளிமண்டலத்தில், இந்தப் பெரிய வரிகள் எங்கள் நீரோட்டங்களின் அடியில் உருவாகும் வரிகளைப் போன்ற முறையில் தோன்றியிருக்கலாம் என்று 2016 இல் ஓர் ஆய்வுக் குழு விளக்கியது. அதைப் பற்றிய விவாதம் இன்னும் நடக்கிறது. உங்கள் மகள் ஓர் அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு, காற்றின் திசையையும் மணலின் பருமனையும் குறித்துக்கொண்டு, மணற்காட்டின் வரிகளைச் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காலத்திலும் வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றுக் காலத்திலும் அளந்து, செவ்வாயின் படங்களோடு ஒப்பிட்டால், அது ஒரு முழுமையான ஆய்வு. இதற்கு எவருடைய அனுமதிக் கடிதமும் சான்றிதழும் தேவையில்லை.

உயிரியல் பிரிவு தடையாகுமா என்ற கவலை வேண்டாம். 1923 இல் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். பின்னர் இலண்டனில் இரசாயனவியல் கற்று, கலிபோர்ணியாவில் முனைவர் பட்டம் பெற்று, நாசாவில் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தார். 1969 இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில் பூமிக்கு வெளியே உருவான அமினோ அமிலங்கள் இருப்பதை 1970 இல் அறிவித்தது அவருடைய குழுதான். கோள்களில் உயிருக்கான சுவடுகளைத் தேடுவோருக்கு உயிரியலும் இரசாயனவியலும் இன்றும் அடிப்படை.

வெளிநாட்டு முகாம்களைப் பொறுத்தவரை, நல்ல திட்டங்கள் பல அமெரிக்கப் பாடசாலைகளுக்கென்றே நடத்தப்படுபவை. தகுதி நிபந்தனையை வாசிக்காமல் விண்ணப்பத்தில் நேரம் செலவிட வேண்டாம். ஆய்வுக் கட்டுரையில் பெயர் போட்டுத் தருவதாகப் பணம் கேட்பவர்களை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். வானியல் ஒலிம்பியாட் மதிப்புமிக்கது, ஆனால் அது ஒரு பரீட்சை. கணிதத்தில் ஈடுபாடு இருந்தால் முயலட்டும். கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தின் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கியைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

உயர்தர வகுப்புகளும் ரியூசனும் நெருக்கத் தொடங்கினால் நேரம் கிடைக்காது. பரீட்சைக்குப் பிந்திய இந்த மாதங்களே உகந்தவை. சிறுகோள் தேடலுக்குக் குழுவாகப் பதிய வேண்டும் என்பதால், விருப்பமுள்ள தோழிகள் சிலரையும் பொறுப்பேற்க ஓர் ஆசிரியரையும் முதலில் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள்.