சீட்டு விழும்வரை சொல்லாமல் இருக்கலாமா?

கேள்வி: லண்டனில் இரண்டு பிள்ளைகளுடன் தனியாக இருக்கிறேன். இருவரும் தொடக்கப் பள்ளி. யூனிவர்சல் கிரெடிட் என்கிற அரசு உதவித்தொகை வருகிறது, வீட்டு வாடகைக்கான பங்கும் அதில்தான். 14 மாதமாக அக்காவின் கணவருடைய பலசரக்குக் கடையில் வெள்ளி மாலை, சனி, ஞாயிறு நிற்கிறேன். கிழமைக்கு 160 பவுண், கையில் காசு. எங்கும் பதியவில்லை. போன மாதம் எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு மண்ணிற உறையில் விசாரணைக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து தபால்காரரின் சத்தம் கேட்டாலே நெஞ்சு இடிக்கிறது. வாங்கிய காசு முழுவதையும் கேட்டால் 9,700 பவுண், எங்கே போவேன்? மாதம் 250 பவுண் சீட்டுக் கட்டுகிறேன், இன்னும் 9 மாதத்தில் 5,000 விழும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று நினைக்கிறேன். அல்லது இரண்டு மாதமாகத்தான் வேலை என்று சொல்லலாமா? ஊரில் தம்பி லீசிங்கில் எடுத்த வானுக்கு மாதம் 200 அனுப்புகிறேன், தவணை 25ஆம் திகதி. மச்சான் ஒருவர் கிரிப்டோவில் போட்டால் சீக்கிரம் சேரும் என்கிறார். அத்தான், சொல்லவே கூடாது, கடைக்குப் பிரச்சினை வரும் என்கிறார். அடுத்த வருடம் சிட்டிசன்ஷிப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

பதில்: வேலை செய்ததைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் நெஞ்சு இடிக்கிறது. அந்தப் பாடத்தை நான் எடுக்கப் போவதில்லை. என் கவலையெல்லாம் ‘சீட்டு விழட்டும், பிறகு சொல்லலாம்’ என்கிற அந்த ஒற்றை வரியில்தான். 14 மாதத்தில் நடந்ததைவிட இனி வரும் 9 மாதம்தான் உங்களைக் கவிழ்க்கும்.

முதலில் அந்த 9,700ஐத் தூக்கிப் போடுங்கள். சம்பளம் முழுவதையும் யூனிவர்சல் கிரெடிட் அலுவலகம் திருப்பிக் கேட்பதில்லை. அந்தச் சம்பளத்தைச் சொல்லியிருந்தால் எவ்வளவு குறைத்துத் தந்திருப்பார்களோ, அந்த வித்தியாசம்தான் கடன். 2025-26 கணக்கில், பிள்ளைகளும் வாடகை உதவியும் உள்ளவருக்கு மாதம் 411 பவுண் வரை உழைப்பில் ஒரு பென்னியும் கழிப்பதில்லை. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கழியும். உங்கள் கிழமை 160 மாதத்துக்கு ஏறக்குறைய 693 ஆகிறது. அதில் 411 போக 282. அதன் 55 சதவீதம் 155. பதினான்கு மாதத்துக்குச் சுமார் 2,170 பவுண். தொடக்க மாதங்களில் அந்த 411 சற்றுக் குறைவு, கிழமைச் சம்பளம் சில மாதம் நாலு தடவை, சில மாதம் ஐந்து தடவை வந்திருக்கும். அதனால் அவர்களின் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே வரும். ஆனால் அது 9,700 அல்ல.

இனி காத்திருப்பின் விலையைப் பாருங்கள். ஒன்பது மாதம் பொறுத்தால் 9 தடவை 155, அதாவது இன்னும் 1,400. கடன் 3,570 ஆகும். மோசடி என்று அவர்கள் முடிவு செய்து, வழக்குக்குப் பதிலாக அபராதம் கட்டச் சொன்னால் அது கடனின் பாதி. குறைந்தது 350, கூடியது 5,000. பாதியையும் சேர்த்தால் 5,350 தாண்டும். சீட்டில் விழப்போவது 5,000. கடனை அடைக்கச் சேர்க்கும் காசைக் கடனே முந்திக்கொண்டு ஓடுகிறது. இன்று சொன்னால், அந்த அபராதம் போட்டாலும் மொத்தம் 3,260 அளவில் நிற்கும். அபராதம் இல்லாவிட்டால் 2,170தான். தெரியப்படுத்தத் தவறியதற்கு மட்டும் என்றால் 50 பவுண் தண்டம் என்ற ஒன்றும் இருக்கிறது. தானாக வந்து சொன்னால் தண்டனையே இருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், வேறு எவராவது செய்தால் நம்பவும் வேண்டாம். ஆனால் அவர்கள் கண்டுபிடித்து அழைக்கும் நாளில் போய் உட்காருபவரும், அழைக்காமலே தன் வேலைக் கணக்கு எழுதிய கொப்பியோடு வருபவரும் ஒன்றல்ல.

சொல்வதற்குக் கையில் காசு இருக்க வேண்டியதில்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். கடனை மாதாமாதம் உங்கள் கொடுப்பனவிலேயே பிடித்துக்கொள்வார்கள், வட்டி கிடையாது. 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து பொதுவான வரம்பு நிலைத் தொகையில், அதாவது வாடகையும் பிள்ளைகளுக்கான பங்கும் சேராத அடிப்படைத் தொகையில், 15 சதவீதம். 25 வயது நிறைந்த தனியாளுக்கு 2025-26இல் நிலைத் தொகை 400 பவுண், எனவே மாதம் 60. மோசடி என்று தீர்த்தால் கூடப் பிடிக்கலாம். தாங்க முடியாவிட்டால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். வட்டியில்லாத கடனை அடைக்க கிரெடிட் கார்டும் வேண்டாம், கிரிப்டோவும் வேண்டாம். மச்சான் இதுவரை அதில் போட்டதையும் எடுத்ததையும் ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும், பிறகு பேசுவோம். இந்தக் கிரிப்டோ ஆலோசனையை மாதத்துக்கு மூன்று கடிதத்திலாவது பார்க்கிறேன். எழுதிக் காட்டியவர் இன்னும் ஒருவரும் இல்லை.

‘இரண்டு மாதம்’ என்று சொல்லும் யோசனைக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். சொல்லாமல் விட்டது ஒரு குற்றம் என்றால், எழுத்தில் பொய்த் திகதி கொடுப்பது இன்னொன்று. அதை நீங்களே கையெழுத்திட்டுக் கொடுப்பீர்கள். கடையில் கூட நின்றவர்கள், வாடிக்கையாளர்கள், கமரா, எல்லாமே 14 மாதத்துக்குச் சாட்சி. நம் ஆட்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்தால் பெயர் சொல்லாமல் போன் போடுபவர் பெரும்பாலும் சொந்தக்காரர்தான், அந்நியர் இல்லை.

உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சொத்து, கடிதத்தோடு நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அந்த நீல மட்டைக் கொப்பி. ஒரு பக்கத்தைப் பார்த்தேன்: ‘வெள்ளி 5–10, சனி 9–6, ஞாயிறு 9–6. 160.’ அதற்குக் கீழே ஒரு கிழமை மட்டும் ‘140, பால்மாவும் மிளகாய்த்தூளும் கழிச்சது.’ அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வேறொரு கணக்குப் போடத் தோன்றியது. சாப்பாட்டு நேரம் போக உங்கள் வேலை கிழமைக்கு 22 மணி. 160ஐ 22ஆல் வகுத்தால் மணிக்கு 7 பவுண் 27 பென்ஸ். 21 வயது நிறைந்தவருக்கு 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை சட்டப்படிக் குறைந்த கூலி மணிக்கு 12.21. கிழமைக்கு 108 பவுண் குறைவு. முன்னைய வருடத்தின் குறைந்த விகிதத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், 60 கிழமைக்கு அத்தான் உங்களுக்குத் தர வேண்டியது 6,000 பவுணுக்கு மேல். நீங்கள் அரசுக்குத் தர வேண்டியது 2,170.

‘கடைக்குப் பிரச்சினை வரும்’ என்று அவர் சொன்னது உண்மைதான். எந்தப் பிரச்சினை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. உங்களைப் பதிந்து சம்பளச் சீட்டுத் தந்திருந்தால் இந்த 160க்கு உங்களுக்கு வருமான வரியும் இல்லை, நேஷனல் இன்சூரன்ஸ் என்கிற சமூகக் காப்புறுதிப் பிடித்தமும் இல்லை. முதலாளியின் பங்கு நேஷனல் இன்சூரன்ஸில்கூடப் பல சிறு கடைகளுக்கு வருடம் 10,500 பவுண் வரை தள்ளுபடி உண்டு. அவருக்குப் பயம் வரியைப் பற்றி அல்ல, அந்த 12.21ஐப் பற்றி.

அவர்மேல் வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அக்கா இருக்கிறார், நாளைக்கு ஒரே கல்யாண வீட்டில் முகம் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை எப்போது எடுப்பது, எடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் அவரைக் காப்பாற்ற உங்கள் பெயரில் கடன் ஏறிக்கொண்டு போவதை இன்றோடு நிறுத்துங்கள். அவரிடம் அனுமதி கேட்க வேண்டாம். திகதி குறித்துவிட்டு, ‘அத்தான், வாற புதன்கிழமை சொல்லப் போறன்’ என்று தகவலாகச் சொன்னால் போதும்.

அவர் பதியச் சம்மதித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பதிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். அதே 22 மணிக்கு, அந்த 12.21 கணக்கில், சட்டப்படிக் கூலி கிழமைக்கு 268, மாதம் 1,164. வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் முப்பது பவுண் சொச்சம் போகும். மீதி 1,132இல் 411 போக, 55 சதவீதம் என்று யூனிவர்சல் கிரெடிட்டில் 397 குறையும். உங்களுக்கு மிஞ்சுவது 735. இன்று பயந்து பயந்து எடுப்பது 693. அவ்வளவு கொடுக்க முடியாது என்று அவர் சொன்னால், 13 மணி நேரம் மட்டும் நில்லுங்கள். ஏறக்குறைய அதே 160 வரும், ஞாயிறு பிள்ளைகளோடு வீட்டில். அப்போது மாதம் 155 குறைந்து 538 மிஞ்சும். கவுன்சில் டாக்ஸ் என்கிற உள்ளூராட்சி வீட்டு வரியில் கிடைக்கும் சலுகை இதில் கொஞ்சம் மாறலாம். அது கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு, அங்கேயும் தனியாகத் தெரிவிக்க வேண்டும், யூனிவர்சல் கிரெடிட்டில் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம். லண்டனில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 செப்டம்பர் முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம்தான்.

ஒளித்ததால் நீங்கள் இழந்தது இன்னொன்றும் உண்டு. வங்கியில் போட்டால் தெரிந்துவிடும் என்றுதானே சீட்டுக்குப் போனீர்கள்? யூனிவர்சல் கிரெடிட் எடுத்துக்கொண்டு ஒரு பவுணாவது பதிவாக உழைப்பவருக்கு ‘ஹெல்ப் டு சேவ்’ என்று அரசின் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. மாதம் 50 வரை போடலாம். நாலு வருடத்தில் 2,400 போட்டால் 1,200 வரை போனஸ் தருவார்கள். பாதிக்குப் பாதி. எந்தச் சீட்டிலும் இது கிடையாது, சீட்டுப் பிடிக்கிறவர் ஓடிவிட்டால் கேட்க ஒரு இடமும் கிடையாது. இருக்கிற சீட்டை நடுவில் முறிக்க வேண்டாம், மற்ற பத்தொன்பது பேரின் காசும் அதில்தான். கட்டி முடியுங்கள். அடுத்ததில் சேராதீர்கள். கட்டியது எவ்வளவு என்பதையும் சொல்லும்போது சேர்த்தே சொல்லுங்கள். சேமிப்பு 6,000 தாண்டினால்தான் கொடுப்பனவு குறையத் தொடங்கும், 16,000 தாண்டினால் நின்றுவிடும். நீங்கள் அந்தக் கோட்டுக்குக் கிட்ட இல்லை.

எப்படிச் சொல்வது? இந்தக் கிழமையே சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது உங்கள் பகுதிச் சட்ட உதவி நிலையத்துக்குக் கொப்பியோடு போங்கள், இலவசம். அவர்களோடு இருந்து, யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதும் இடமான ஜர்னலில் நாலே வரி: எந்தத் திகதியிலிருந்து, கிழமைக்கு எத்தனை மணி, எவ்வளவு, காசாக. அழுகையும் விளக்கமும் அங்கே தேவையில்லை, அத்தானின் கணக்காளர் எழுதித் தருவதும் தேவையில்லை. சொல்வது வழக்கில் சாட்சியாகலாம் என்று எச்சரித்துப் பதிவு செய்யும் விசாரணைக்கு அழைத்தால் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் தமிழில் சொல்லச் சொல்லாதீர்கள். அபராதத்துக்குச் சம்மதிக்கும் தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்து வேண்டாம். சம்மதித்த பிறகும் மனம் மாற்ற 14 நாள் உண்டு, என்றாலும் முதலிலேயே யோசிப்பது நல்லது. சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில் நன்னடத்தை பார்ப்பார்கள். அதை இது தீர்ந்த பிறகு, குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போன தம்பியின் வான். அதைப் பற்றி நீங்கள் கேள்வி கேட்கவே இல்லை, ஆனால் கணக்கு அங்கேதான் முட்டுகிறது. இன்று 693இல் சீட்டுக்கு 250, தம்பிக்கு 200 போக வீட்டுக்கு 243. நாளை 13 மணி வேலையில் 538, அதில் கடனுக்கு 60, சீட்டுக்கு 250, மீதி 228. அதாவது தம்பியின் 200 நின்றால் உங்கள் வீடு ஏறக்குறைய இன்று போலவே ஓடும். நிற்காவிட்டால் கடைச் சம்பளத்திலிருந்து வீட்டுக்கு மிஞ்சுவது மாதம் 28 பவுண்தான். வான் ஓடிச் சம்பாதிக்கிறதா, வீட்டு வாசலில் நிற்கிறதா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. ஓடினால் தவணையை அது கட்டட்டும். நின்றால் லீசிங் கம்பனியிடம் பேசி விற்கட்டும். தவணை 25ஆம் திகதி என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதமும் அனுப்பிவிட்டு அடுத்த மாதம் சொல்வோம் என்று நினைக்காமல், அதற்கு முன்பே அவருக்கு ஒரு போன் எடுங்கள்.