ஒரு நிறத்துக்கு உரிமையாளர் இருக்க முடியுமா?

கேள்வி: சிறிய அளவில் சாக்லேட் தயாரித்து விற்கத் தொடங்கவிருக்கிறேன். உறைக்கு அடர் ஊதா நிறத்தைத் தேர்ந்தெடுத்துள்ளேன். அந்த நிறம் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமானது என்று நண்பர் எச்சரிக்கிறார். நிறத்தை ஒருவர் சொந்தமாக்கிக்கொள்ள முடியுமா? என் நிறத்தை நான் பதிவு செய்துகொள்ளலாமா?

பதில்: ஊதா நிறம் எவருக்கும் சொந்தமில்லை, ஆயினும் உங்கள் நண்பரின் எச்சரிக்கை நியாயமானதே. சட்டம் பாதுகாப்பது நிறத்தையன்று. ஒரு குறிப்பிட்ட பொருளின்மீது ஒரு குறிப்பிட்ட நிறத்தைக் கண்டதும் அது இன்னாருடைய தயாரிப்பு என்று வாங்குபவர் மனத்தில் எழும் அடையாளத்தையே அது வணிகச் சின்னமாகப் பாதுகாக்கிறது. எனவே அதே ஊதாவை ஒரு குடையிலோ நோட்டுப் புத்தகத்திலோ நீங்கள் பயன்படுத்தினால் பெரும்பாலும் சிக்கல் எழாது. நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது சாக்லேட் உறை என்பதுதான் இங்கே கவலைக்குரியது.

பிரிட்டனில் கேட்பரி நிறுவனம் பான்டோன் என்ற சர்வதேச நிறக் குறியீட்டில் 2685சி எனப்படும் ஊதாவைச் சாக்லேட்டுகளுக்காகப் பதிவு செய்ய முயன்றபோது நெஸ்லே எதிர்த்தது. உறையின் முழுப் பரப்பிலோ, உறையில் மேலோங்கிய நிறமாகவோ அந்த ஊதா இருக்கும் என்று விண்ணப்பம் கூறியிருந்தது. 'மேலோங்கிய' என்ற சொல் எண்ணற்ற தோற்றங்களுக்கு இடமளிக்கிறது என்பதால் 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பதிவை மறுத்தது. எனினும் கேட்பரியின் வேறு சில விண்ணப்பங்கள் 2022இல் உயர் நீதிமன்றத்தில் பகுதியளவு வெற்றி பெற்றன. ஒரு பதிவு தோற்றதைக் கேள்விப்பட்டு, வழி திறந்துவிட்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். எந்த நாட்டில், எந்தச் சொற்களில் பதிவு உள்ளது என்பதைப் பார்க்க வேண்டும். அத்துடன், பதிவு இல்லாவிட்டாலும், வாங்குபவரை ஏமாற்றும் தோற்றம் என்ற அடிப்படையில் பல நாடுகளில் வழக்குத் தொடர இயலும்.

நிறத்தைச் சற்றே மாற்றிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று வடிவமைப்பாளர்கள் சொல்வதுண்டு. இத்தனை விழுக்காடு மாற்றினால் போதும் என்ற விதி எங்கும் இல்லை. இரண்டு உறைகளையும் அருகருகே வைத்து ஆராயும் நிபுணரின் கண்ணை நீதிமன்றம் அளவுகோலாகக் கொள்வதில்லை. முன்பு பார்த்ததை அரைகுறையாக நினைவில் வைத்திருக்கும் சாதாரண வாங்குபவர் குழம்புவாரா என்பதே கேள்வி.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, கொள்கையளவில் பதிவு செய்யலாம் என்பதே விடை. சலவையகங்களில் துணி தேய்க்கும் இயந்திரத்தின் மெத்தைக்கு ஒரு நிறுவனம் நெடுங்காலம் பயன்படுத்திய பச்சை கலந்த பொன்னிறம் வணிகச் சின்னமாகலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995இல் குவாலிடெக்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. நீண்ட பயன்பாட்டால் அந்த நிறம் உங்களை மட்டுமே நினைவூட்டும் நிலை உருவாகியிருக்க வேண்டும். அந்த நிறம் பொருளின் பயன்பாட்டுக்குத் தேவையானதாக இருக்கக் கூடாது. பின்னதால்தான் படகு இயந்திரங்களுக்குக் கறுப்பு நிறம் கிடைக்கவில்லை: கறுப்பு எந்தப் படகின் நிறத்துடனும் பொருந்துகிறது, இயந்திரத்தையும் சிறியதாகக் காட்டுகிறது என்பதால் போட்டியாளர்களுக்கும் அது தேவைப்படுகிறது என்று 1994இல் நீதிமன்றம் கருதியது. வென்றவர்களுக்கும் எல்லையுண்டு. பிரெஞ்சுக் காலணி வடிவமைப்பாளர் லூபூட்டானின் சிவப்புக் காலணி அடிப்பகுதிக்கு 2012இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த பாதுகாப்பு, காலணியின் மேற்பகுதி வேறு நிறத்தில் இருக்கும்போது மட்டுமே செல்லும்.

கலைஞர்கள் நிறத்தைச் 'சொந்தமாக்கிய' கதைகளை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் ஈவ் க்ளைன் 1960இல் பிரான்சில் பதிவு செய்தது, தம் நீலச் சாயத்தின் செய்முறை அந்தத் தேதியில் தம்மிடம் இருந்தது என்பதற்கான சான்றை மட்டுமே. வாண்டாபிளாக் என்ற மிகக் கறுப்பான பூச்சைக் கலைப்படைப்புகளில் பயன்படுத்தச் சிற்பி அனிஷ் கபூருக்கு மட்டும் கிடைத்த அனுமதி, அப்பூச்சின் தயாரிப்பாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தம். புதிய நிறமியின் வேதிச் சேர்மத்துக்கோ அதைத் தயாரிக்கும் முறைக்கோ காப்புரிமை பெறலாம்; அதே சாயலை வேறொரு சேர்மத்தால் உண்டாக்குபவரை அக்காப்புரிமை தடுக்காது.

இன்னும் சந்தைக்கே வராத உங்கள் உறையின் நிறத்தைத் தனியாகப் பதிவு செய்ய முயல்வது, என் கணிப்பில், பணத்தை வீணாக்குவதாகும். முதலில் பெயரையும் சின்னத்தையும் பதிவு செய்யுங்கள். அவை எளிதில் கிடைக்கும். அடர் ஊதாவைக் கைவிட்டு, விற்பனை செய்யவுள்ள நாடுகளின் வணிகச் சின்னப் பதிவேட்டில் உணவுப் பொருள் வகுப்பைத் தேடிப் பார்த்தபின் வேறு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பான்டோன் போன்ற சர்வதேசக் குறியீட்டால் குறித்துவையுங்கள். நிறத்தின் மாதிரியைத் தாளில் ஒட்டித் தருவது மட்டும் போதாது, தாள் காலப்போக்கில் மங்கிவிடும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003இலேயே கூறியிருக்கிறது. அந்த நிறத்தை எல்லா உறைகளிலும் மாற்றமின்றிப் பயன்படுத்தி, விளம்பரங்களையும் விற்பனைக் கணக்குகளையும் தேதியுடன் சேமித்துவந்தால், சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு வழக்கறிஞரிடம் எடுத்துச் செல்ல உங்களிடம் சான்றுகள் இருக்கும்.