பேய்ப்பட புளூரே மனு: யாருக்கு அனுப்புவது?
மனுவுக்காகத் திரட்டிய கையெழுத்துகளை, வட்டு வெளியிடும் நிறுவனத்துக்கு அல்ல, படத்தின் உரிமையாளருக்கே முதலில் அனுப்புங்கள். 1972இல் வந்த பேய்ப்படத்தின் புளூரே வட்டு கேட்டு மும்பை மாதுங்காவிலிருந்து நீங்கள் அனுப்பிய மனுவுக்குப் பதில் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். உரிமை கையில் இல்லாத நிறுவனம் மனம் வைத்தாலும் ஒன்றும் செய்ய இயலாது.

அதைவிட முக்கியம், மூல நெகட்டிவ், அதாவது படம் பிடித்த அசல் பிலிம்சுருள், பிழைத்திருக்கிறதா என்பது. புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தயாரிப்பாளரின் குடும்பத்தாரிடம் பிலிம் பெட்டி இருந்தால், மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடித்தால் பிலிமின் அடித்தளமான அசிடேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், இன்னொரு மும்பை மழைக்காலத்தை அது தாங்குமா என்பதே என் கவலை.

ஒன்றை மறவாதீர்கள்: பதிப்புரிமை 2032ஆம் ஆண்டு முடியும்வரை உண்டு, அதுவரை ரசிகர்களே அனுமதியின்றி வட்டு போட்டு விற்கக் கூடாது.