மூன்று மாதக் காட்டு வேலைக்குப் பையனை அனுப்பலாமா?

அண்ணா, நீங்கள் அனுப்பியதை முழுக்கப் படித்தேன். பிளஸ் டூ முடித்த பையன், சத்தியமங்கலம் காட்டில் ஆசனூர் பக்கம் புலி ஆராய்ச்சி பண்ணும் குழுவோடு மூன்று மாதம் காட்டுக்குள் போகிறேன் என்கிறான், இது ஒரு வேலையா இல்லை ஊர் சுற்றுவதற்கு ஒரு சாக்கா, அதுதானே கேள்வி? வேலைதான். அனுப்புங்கள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

மேல்படிப்பு படித்தவர்களுக்கு உங்கள் பையன் எதற்குத் தேவை என்று யோசிக்கிறீர்கள். எந்தப் புலி என்று உடம்பு வரியை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள்; இடப்பக்க வரி ஒரு மாதிரி, வலப்பக்க வரி வேறு மாதிரி. அதனால் தடத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிராக, முழங்கால் உயரத்தில், தானியங்கி கேமரா கட்டுவார்கள். எந்தத் தடத்தில் கட்டுவது என்பதை வரைபடம் பார்த்துச் சொல்ல முடியாது. பள்ளத்தில் தண்ணீர் வற்றினால் மிருகம் எந்த வழியாக இறங்கும், எந்தத் திருப்பத்தில் ஒற்றை யானை நிற்கும், எது செந்நாய் எச்சம் எது சிறுத்தை எச்சம், இதெல்லாம் மாடு மேய்த்துக்கொண்டே வளர்ந்த பையனுக்குப் பார்த்தவுடன் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர் அதைக் கற்றுக்கொள்வதற்குள் சீசனே முடிந்துவிடும். அவர்கள் அவனுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், அவர்களுக்கு அவன் தேவை.

இருளர் பாம்புபிடிப்போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைப் பிடித்து, விஷமுறிவு மருந்து தயாரிப்பதற்காக விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டவர்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்தார்கள், முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் சிக்கின. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. ஆளுக்கொரு பத்மஸ்ரீ கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. பட்டம் இல்லாத அறிவுக்கும் விலை உண்டு, ஆனால் அதைக் கேட்டு வாங்க ஒரு அமைப்பு வேண்டும். இருளர்களுக்குச் சங்கம் இருந்தது. உங்கள் பையனுக்கு ஒரு தாளாவது இருக்கட்டும்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? எத்தனை மாதம், தினக்கூலியா மாதச் சம்பளமா, மழையால் வேலை நின்ற நாளுக்குக் காசு உண்டா, சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு. அப்புறம் காப்பீடு. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், யானைக்காட்டில் காலையும் மாலையும் நடக்கிற வேலை இது. இன்னொன்று, புலிகள் காப்பகத்துக்குள் ஆராய்ச்சி செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும், அந்த அனுமதியோடு போகும் ஆட்கள் பட்டியலில் உங்கள் பையன் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாமல் உள்ளே போய் மாட்டினால் 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும், அதன்பின் அரசு வேலைக்கே சிக்கல்.

பையனிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தம்பி, கண்டதை அன்றன்றைக்கே எழுது. தேதி, நேரம், இடம், என்ன பார்த்தாய், யார் கூட இருந்தார்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்றால் 'ஒன்றும் இல்லை' என்று எழுது, அதுவும் கணக்குதான். உள்ளூர்ப் பையன்கள் இங்கேதான் சறுக்குவார்கள், வெறும் கையோடு திரும்பினால் தங்களுக்குக் காடு தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்று பழைய தடத்தைப் புதுத் தடம் என்பார்கள். அப்படி ஒரு பொய் மாட்டினால் அதுவரை எழுதியது எல்லாமே குப்பை. கேமராவுக்கு முன்னால் நிற்கும் புல்லை வெட்டாமல் வந்தாலும் அதே கதிதான், வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆட ஆட மெமரி கார்டு முழுக்கப் புல் படமாக இருக்கும். புலி படத்தை, அதுவும் இடத்தோடு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடாதே. வேட்டைக்காரனுக்கும் போன் இருக்கிறது.

சரி அண்ணா, மூன்று மாதம் முடிந்த பிறகு? இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, அது உண்மை. தேசியப் புலிக் கணக்கெடுப்பு 2006-லிருந்து நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட வருடங்களில் சின்னச் சின்னத் திட்டங்கள் வரும், போகும். கடற்கரைப் பக்கம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம், கோடியக்கரையில் குளிர்காலத்தில் வலசைப் பறவை வேலை. யானைக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகவும் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் சம்பளம் இருக்காது, ஆனால் வனத்துறை ஆட்களோடு பழக்கம் கிடைக்கும்.

மற்ற மாதங்களில் அவன் குரூப் 4-க்குப் படிக்கட்டும். 2024-லிருந்து வனக்காப்பாளர், வனக்காவலர் பதவிகளும் அந்தத் தேர்வில்தான் வருகின்றன, பழங்குடி இளைஞருக்கென்று தனியாக வனக்காவலர் பதவியும் உண்டு. தேறினால் ஆண்களுக்கு 25 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் நடக்கும் சோதனை இருக்கும், அதற்கு இந்த மூன்று மாதமே பயிற்சி. மேலே படிக்க ஆசை என்றால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் இருக்கிறது, எந்தப் படிப்புக்கு என்ன தகுதி என்று கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சீசன் முடிகிற கடைசி வாரத்தில், குழுத் தலைவரிடம் ஒரு சான்றுக் கடிதம் வாங்கச் சொல்லுங்கள், என்ன வேலை செய்தான், எத்தனை நாள், எந்தக் கருவி கையாளத் தெரியும் என்று விவரமாக. ஊருக்குப் போன பிறகு அனுப்புகிறேன் என்பார்கள், பல பேர் மறந்துவிடுவார்கள். இப்போதைக்கு அவர்கள் கொடுத்த தாள் ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.